சோக் இழுத்தாச்சு, தகடு மூடியதா?

மார்ச் மாதக் கடைசி. கடல் அமைதியாகி, புறாத்தீவுக்குப் படகுகள் ஓடத் தொடங்கும் நேரம். திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் அக்காவின் விடுதிக்கு ஏப்ரல் முதல் வாரமே ஆட்கள் வந்துவிடுவார்கள். அதிலிருந்து செப்டம்பர் வரை மூச்சுவிட நேரமிருக்காது. மாரி மழை குடித்த புல் இரண்டு ஏக்கர் காணியிலும் முழங்காலுக்கு நிற்கிறது. இப்படியே விட்டால் பாம்பு பூச்சி வரும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் முற்றத்தில் கால் வைக்கவே யோசிப்பார்கள். கொட்டிலில் புல்வெட்டும் டிரக்டர் இருக்கிறது. அது கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் நன்றாகத்தான் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது, பற்றவில்லை. இருபது தடவையில் ஒருமுறை 'புக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றரி களைத்ததும் சார்ஜில் போட்டு, பின்னேரம் மறுபடி. மூன்றாம் நாள் எப்படியோ பற்றிக்கொண்டது. பற்றிய பிறகு பார்த்தால் ஒரு குறையும் இல்லை. புல்லை நன்றாக வெட்டியது. தண்ணீர் குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் தொட்டவுடன் கிளம்பியது. மறுநாள் காலை திரும்பவும் பழைய கதை.

சூட்டில் உடனே கிளம்புகிற எஞ்சின் காலையில் மட்டும் அடம்பிடித்தால், அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிளக்குக்குக் கரண்ட் வருகிறது, சிலிண்டரில் கொம்பிரஷன், அதாவது அமுக்கம், இருக்கிறது, பெற்றோலும் வருகிறது என்று எஞ்சினே சொல்லிவிடுகிறது. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஆறிய எஞ்சினுக்கென்றே வைத்திருக்கும் ஏற்பாட்டை. அதாவது, எஞ்சினுக்குள் போகும் காற்றை அடைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை. அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. லீவரைச் சோக்கில்தானே வைத்தேன், அதில் என்ன பிழை வரும் என்று நினைத்துவிட்டேன்.

டவுனில் ஒரு கராஜுக்கு ஏற்றிக்கொண்டு போனோம். பிளக்கை மாற்றினார்கள். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். வேலை முடிந்து என் கண் முன்னாலேயே ஒரே அடியில் கிளப்பிக் காட்டினார்கள், வெயிலில் நின்று சூடாகியிருந்த எஞ்சினை. வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை திருப்பினால் கிளம்பவில்லை. போன் எடுத்துக் கேட்டபோது, காபரேட்டரையே மாற்ற வேண்டும், கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், இரண்டு கிழமையாவது ஆகும் என்றார்கள். சோக் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டேன். "எங்கட வெயிலுக்குச் சோக் எதுக்குத் தம்பி, அது குளிர் நாட்டுக்காரருக்கு" என்றார் கராஜ்காரர்.

திருகோணமலையில் இதை நான் பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன். இங்கே விடியற்காலையில் கூட வியர்க்கிறது, பிறகு எதற்குச் சோக் என்பது கேட்கச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் அது பிழை. இதை விளங்கிக்கொள்ளாததால் எத்தனையோ பேர் நல்ல காபரேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள்.

கடைசியில் அக்காதான் கிண்ணியா நானாவைக் கூப்பிடச் சொன்னா. அவர் தோட்டத்துத் தண்ணீர் மெஷின்களும் படகு எஞ்சின்களும் பார்க்கிறவர். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் அவர் கை வைக்காத பம்ப் குறைவு. முன்பெல்லாம் அவரைக் கூட்டிவருவதென்றால் மிதவைப் பாதையில் ஏறித் தண்ணீரைக் கடந்து வரவேண்டும், அரை நாள் போய்விடும். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறினால் வந்து நிற்கிறார்.

வந்தவர் சாவியைத் தொடவே இல்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. முதலில் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்தார், தவறிக்கூட எஞ்சின் பற்றிவிடக் கூடாதென்று. அப்புறம் எயார் கிளீனரின் மூடியைக் கழற்றி, கடதாசி ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கீழே வைத்தார். இப்போது காபரேட்டரின் வாய் திறந்து தெரிந்தது. ஒரு ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை, அதற்குக் குறுக்கே ஒரு மெல்லிய அச்சு, அச்சில் ஒரு வட்டத் தகடு. அதுதான் சோக் தகடு.

"தங்கச்சி, நீங்க ஏறி இருந்து லீவரைச் சோக்குக்குத் தள்ளுங்க. தம்பி, நீங்க இங்க வந்து குனிஞ்சு பாருங்க."

எங்கள் டிரக்டரில் வேகத்துக்கும் சோக்குக்கும் ஒரே லீவர். கீழே ஆமைப் படம், மேலே முயல் படம், முயலையும் தாண்டித் தள்ளினால் சோக். அக்கா தள்ளினா. லீவர் 'டக்' என்று கடைசி வெட்டில் போய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. தகடு அசைந்தது. திரும்பியது. ஆனால் முழுதாக மூடவில்லை. மேல் விளிம்பில் பிறை மாதிரி ஒரு இடைவெளி. என் சின்னவிரல் நகம் தாராளமாக நுழையும்.

"கையைப் பார்க்காதீங்க தம்பி, தகட்டைப் பாருங்க. லீவர் போயிட்டுது. தகடு போகல்ல."

பிறகு பிளக் தொப்பியை மாட்டினார். காபரேட்டருக்கு வெளியே, சோக் அச்சின் நுனியில் இருக்கும் சின்னக் கையை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிப் பிடித்தார். தகடு முழுதாக மூடியது. "இப்ப அடிங்க" என்றார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பற்றியது. நான்கு நாள் போராட்டம், ஒரு கராஜ், கொழும்பிலிருந்து வர இருந்த ஒரு காபரேட்டர், எல்லாம் அந்த நகத்தளவு இடைவெளியில் அடங்கியிருந்தன.

வெயில் நாட்டில் சோக் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பெற்றோல் திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். நன்றாகச் சூடாகி ஓடும் எஞ்சினுக்கு நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று போதும். ஆறிய எஞ்சினில் உள்ளே வரும் பெற்றோலில் பெரும்பகுதி குழாய்ச் சுவரிலும் சிலிண்டர்ச் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. ஆவியாகும் கொஞ்சம்தான் பற்றும். ஆகவே பற்றும் அளவுக்கு ஆவி கிடைக்க, தேவைக்கு மேல் பல மடங்கு பெற்றோலை உள்ளே விடவேண்டியிருக்கிறது.

ஆனால் எங்கள் சூட்டிலும் சோக் வேண்டியிருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. புல்வெட்டும் எஞ்சினில் வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது கவர்னரின் ஸ்பிரிங் காபரேட்டரின் உட்பக்கத் தகட்டை, அதாவது வேகத் தகட்டை, திறந்தே வைத்திருக்கும். ஓடத் தொடங்கி வேகம் ஏறிய பிறகுதான் கவர்னர் அதை மூடிக்கொண்டு வரும். அப்படியென்றால், ஸ்டார்ட்டர் சுற்றும் நேரம் காபரேட்டர் ஒரு திறந்த குழாய். வேலை செய்யும்போது நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் ஓடும் எஞ்சின் அப்போது சில நூறு சுற்றுத்தான் சுற்றுகிறது. அந்த மெல்லிய காற்றோட்டம் ஜெட் என்ற சின்னத் துவாரத்திலிருந்து பெற்றோலை இழுத்தெடுக்கப் போதாது. வெளிப்பக்கத்துச் சோக் தகடு மூடினால் கதை மாறுகிறது. பிஸ்டன் இழுக்கிறது, காற்று வர வழியில்லை, உறிஞ்சல் முழுதும் ஜெட் மீது விழுகிறது, பெற்றோல் வருகிறது. தகட்டில் நகத்தளவு இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாக ஓடிவந்துவிடும், உறிஞ்சல் செத்துவிடும். உறிஞ்சுகுழாயில் ஓட்டை விழுந்தால் இளநீர் எப்படி வராதோ, அப்படி.

மோட்டார் சைக்கிளில் இந்தப் பிரச்சினை குறைவு. அதில் கவர்னர் இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டு உதைக்கிறோம், வேகத் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கிறது, அதற்குப் பின்னால் உறிஞ்சல் பலமாக இருக்கிறது, அந்த இடத்தில் ஸ்லோவில் ஓடப் பெற்றோல் விடும் தனி ஓட்டையும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பழக்கத்தை வைத்துப் புல்வெட்டும் எஞ்சினை அளப்பதால்தான் 'எங்கட வெயிலுக்குச் சோக் வேண்டாம்' என்ற பேச்சு வருகிறது.

நானாவுக்கு இது புத்தகத்தில் வந்த அறிவில்லை. மண்ணெண்ணெய்ப் பம்ப் தந்த அறிவு. அந்தப் பம்பைப் பெற்றோலில் கிளப்பி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர், பொருளாதாரத் தடைக் காலத்தில், தொண்ணூறுகளில், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடியவர். சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொன்போல வைத்திருந்து, காலையில் காபரேட்டர் வாயில் சில துளி விட்டு உதைப்பாராம். நானா அன்று விரலால் தகட்டை மூடியதைச் சொன்னபோது, "ரெண்டும் ஒரே வேலைதான், முதல் மூச்சுக்குக் கொஞ்சம் கூடக் குடுக்கிறது" என்றார் அத்தான்.

சரி, தகடு ஏன் மூடவில்லை? லீவரிலிருந்து காபரேட்டருக்கு ஒரு கேபிள் வருகிறது. வெளியே ஒரு உறை, உள்ளே ஒரு கம்பி. எஞ்சினுக்குப் பக்கத்தில் உறையை ஒரு சின்னத் தகட்டுப் பிடியும் ஒரு ஸ்குரூவும் இறுக்கிப் பிடித்திருக்கும். கம்பி மட்டும் அசைய வேண்டும், உறை அசையக் கூடாது. எங்கள் பிடி வாடைக்காற்று கொண்டுவரும் உப்பில் துருப்பிடித்து இளகியிருந்தது. எஞ்சினின் அதிர்வில் உறை கொஞ்சம் கொஞ்சமாக நழுவி இருக்கிறது. லீவரைத் தள்ளும்போது, தள்ளலின் ஒரு பகுதி உறையை நகர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. கேபிள் நீளவும் இல்லை, அறவும் இல்லை. பிடிமானம்தான் போயிருந்தது.

சரிசெய்தது இப்படி. லீவரைச் சோக்கின் கடைசி வெட்டில் வைத்து அங்கேயே விட்டார். பிடியின் ஸ்குரூவைத் தளர்த்தினார், கழற்றவில்லை. உறையைக் குறட்டால் பிடிக்காமல், நசிந்துவிடுமென்று விரல்களாலேயே பிடித்து, தகடு முழுதாக மூடும் திசையில் நகர்த்தினார். தகடு மூடியதும் ஒரு மயிரிழை கூட மேலே தள்ளவில்லை. அந்த இடத்தில் வைத்து இறுக்கினார். துருப்பிடித்த பழைய ஸ்குரூவுக்குப் பதிலாகத் தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, ஸ்பிரிங் வாஷரும் போட்டார்.

அதோடு வேலை முடிந்ததென்று நான் எழுந்தேன். "இருங்க, பாதிதான் ஆச்சு" என்றார். இப்போது லீவரை முயலுக்கு இறக்கச் சொன்னார். தகடு காற்றோட்டத்துக்கு நேராக, கத்தி மாதிரி விளிம்பு மட்டும் தெரியத் திறந்து நிற்க வேண்டும். நின்றது. சோக் மூடுவதற்காகக் கேபிளை அளவுக்கு மிஞ்சி நகர்த்திவிட்டால் இந்தப் பக்கம் பிழைத்துவிடும், தகடு முழுதாகத் திறக்காது. எஞ்சின் கிளம்பும், ஆனால் கறுப்புப் புகை விடும், பிளக் கரி பிடிக்கும், பெற்றோல் நாள் முழுக்க வீணாகும். அதைவிடப் பெரிய கேடு, எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெயில் கலப்பது. எண்ணெய்க் குச்சியை இழுத்து மணந்து பார்த்தால் தெரியும். பெற்றோல் மணம் வந்தால் எண்ணெயை மாற்றாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. சோக்கைச் செட் பண்ணுகிறவர்கள் இரண்டு முனையையும் பார்த்தேயாக வேண்டும். ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் பாதி வேலைக்குக் காசு வாங்குகிறார் என்றே சொல்வேன்.

கம்பியும் உறைக்குள் கொஞ்சம் உரசியது. அதற்கு நானா செய்தது பழைய சைக்கிள் கடை வேலை. லீவர்ப் பக்கத்துக் கேபிள் நுனியைக் கழற்றி நிமிர்த்தி, அதைச் சுற்றி ஒரு பொலித்தீன் துண்டைப் புனல் மாதிரிக் கட்டி, இரண்டு கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டார். இரவு முழுக்க அப்படியே விடச் சொன்னார். காலையில் எஞ்சின் பக்கத்து நுனியில் செங்கல் நிறத்தில் ஒரு துளி தொங்கியது. துரு எண்ணெயோடு கலந்து இறங்கியிருந்தது. அதன் பிறகு லீவர் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. கடற்கரையில் மெஷின் வைத்திருக்கிறவர்கள் மாரி முடிந்ததும் இதைச் செய்தால் நல்லது. இங்கே ஜன்னல் கொளுக்கியே இரண்டு வருடத்தில் உதிர்கிறது, நூல் மாதிரிக் கம்பி எம்மாத்திரம்.

கிளம்பாத எஞ்சின் எல்லாவற்றுக்கும் சோக்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அரைச் சுற்றுச் சுற்றி முட்டி நின்றால், பற்றரியும் நல்லதென்றால், வால்வ் இடைவெளி கூடியிருக்கலாம்; இந்த எஞ்சின்களில் ஸ்டார்ட்டருக்குப் பாரம் குறைக்கக் கொம்பிரஷனைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு வால்வோடு சேர்ந்திருக்கிறது, இடைவெளி கூடினால் அது வேலை செய்யாது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லையென்றால், பிரேக் மிதிபடவில்லை, அல்லது வெட்டும் பிளேட் போட்டபடியே இருக்கிறது, அல்லது இருக்கைக்குக் கீழேயுள்ள சுவிட்ச் பிடிக்கவில்லை. சில காபரேட்டர்களின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்ன சொலனோயிட் இருக்கும். சாவியைப் போட்டதும் அது 'டிக்' என்று சொல்லாவிட்டால் பெற்றோல் மேலே ஏறாது.

நன்றாகச் சுற்றுகிறது ஆனால் பற்றவில்லை என்றால், பத்துத் தடவை அடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை: சோக், ஜெட், அடைப்பு. நனைந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது, அல்லது கரண்ட் இல்லை. நாங்கள் அடித்த அத்தனை அடிக்கும் பிளக் காய்ந்தே இருந்தது. கராஜில் புதுப் பிளக் போட்டபோது பழையதும் காய்ந்துதான் இருந்திருக்கும். யாரும் அதைப் பார்த்துவிட்டு ஏனென்று கேட்கவில்லை. அப்புறம், அடிப்பதற்கும் ஒரு அளவு உண்டு. ஐந்து செக்கனுக்கு மேல் சாவியைப் பிடிக்கக் கூடாது, அடுத்த அடிக்கு ஒரு நிமிடம் விடவேண்டும். நான் முதல் நாள் பிடித்த பிடியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது. அது எரிந்து போயிருந்தால் உண்மையிலேயே பெரிய செலவு.

பெற்றோலைப் பற்றியும் நானா ஒரு வார்த்தை சொன்னார். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசை நாட்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கானில் பெற்றோல் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. பெற்றோல் செட்டில் இரவு பகலாக நின்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் மாரிக்கு முன் டாங்கியில் ஊற்றிய பெற்றோல் மார்ச்சில் பெயின்ட் மாதிரி மணக்கும். அதில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் முதலில் போய்விடுகிறது, காலையில் கிளப்புவதற்குத் தேவையானதும் அந்தப் பகுதிதான். சேர்த்து வைத்ததை மோட்டார் சைக்கிளில் ஊற்றி ஓடிவிட்டு, மெஷினுக்குப் புதிதாக வாங்குகிறோம். மாரிக்குக் கொட்டிலில் ஏற்றும் முன் டாங்கியையும் காபரேட்டர்க் கிண்ணத்தையும் காலியாக்கிவிடுகிறேன்.

அன்று நானா ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். அக்கா கட்டாயப்படுத்திச் சாப்பிடவைத்து அனுப்பினா. சூடை மீன் பொரியலும் முருங்கையிலைச் சுண்டலும்.

அவர் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, கேபிள் உறையிலும் பிடித் தகட்டிலும் தொடர்ந்து போகும்படி ஒரே கோடாக இழுத்தேன். உறை நழுவினால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். போன மாதம் புல் வெட்டப் போகும் முன் குனிந்து பார்த்தேன். உறையிலிருந்த சிவப்பு, தகட்டுச் சிவப்பைவிட ஒரு அரிசி பருமன் பின்னால் நின்றது. லீவரைச் சோக்கில் போட்டு, ஸ்குரூவைத் தளர்த்தி, கோட்டைக் கோட்டோடு சேர்த்து இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன், முதல் அடியிலேயே கிளம்பியது.